ஜாஸ்பர் வீடு, மகிமா வீடு

நாலு மணி டீக்குக் கிளம்பிய என் வீட்டுக்காரர், கடை வாசலில் செருப்பைக் காலால் துழாவிக்கொண்டிருந்தபோதுதான் கேட்டேன், ஜாஸ்பருக்கு என்ன பதில் சொல்வது என்று. ஒரு பேச்சுக்குத்தான் கேட்டேன்.

"மெட்ராஸ்னு சொல்லிரு" என்றார்.

ஜாஸ்பர் எங்கள் மகன், பெங்களூரில் இருக்கிறான். மகள் மகிமா சென்னையில். சர்க்கரை இவர் கண்ணைப் பாதிக்கு மேல் தின்றுவிட்டது, மிச்சத்தைக் காப்பாற்றுவதே பெரும்பாடு என்று மதுரை டாக்டர் சொல்லிவிட்டார். தேனியில் இத்தனை வருசமாக நடத்திய இந்த ஹார்டுவேர் கடையை இவர் தம்பி எடுத்துக்கொள்ளப் போகிறார். நாங்கள் எந்தப் பிள்ளையோடு போய் இருப்பது என்பதுதான் பாக்கி. பெங்களூர் என்றால் ஜாஸ்பர் கொஞ்சம் பெரிய வீடாகப் பார்க்க வேண்டும். இன்று சாயங்காலம் அவன் போன் செய்யும்போது முடிவாகச் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

என் முடிவு எப்போதோ தயார். பெங்களூர்தான். இரண்டு ஊரிலும் இருந்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். பெங்களூரில் லிஃப்டில் முன்பின் தெரியாதவர்கள்கூட நம்மைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். முதல் நாள் சேலையில் ஏதும் ஒட்டியிருக்கிறதோ என்று குனிந்து பார்த்துக்கொண்டேன். எதிர் வீட்டு ஜெயம்மா தினமும் "ஊட்டா ஆயித்தா?" என்பார். நம் ஊர் "சாப்டீகளா"தான், பாஷை மட்டும் வேறு. அவருக்குத் தமிழ் வராது, எனக்குக் கன்னடம் வராது. காலையில் பார்க்கைச் சுற்றி நடந்தபடி அவரவர் பாஷையில் அவரவர் மருமகளைப் பற்றிப் பேசுவோம். ஒரு வார்த்தை விடாமல் புரியும். சொந்தக்காரியாகவும் இல்லாமல், கடைக்கு வருகிறவளாகவும் இல்லாமல், எனக்கே எனக்கென்று ஒரு சிநேகிதி இந்த வயதில்தான் வாய்த்தார். அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை.

சென்னையில் பால்காரரில் தொடங்கி எல்லோரும் சண்டைக்கு வருவதுபோலத்தான் பேசுகிறார்கள். ஆனாலும் அந்த ஊரைக் குறை சொல்ல எனக்கு நாக்கு வராது. நெரிசலான பஸ்ஸில் இவருக்கு டிக்கெட் எடுக்க நான் நீட்டிய நோட்டு, யார் யார் கையையோ தாண்டிப் போய், டிக்கெட்டும் சில்லறையுமாக அதே கைகள் வழியாகத் திரும்பி வந்தது. கொடுத்தவர்கள் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. இப்படியும் ஒரு ஊரா என்று அசந்துதான் போனேன்.

இரண்டு ஊரிலும் இவர் தொலைந்து போனார். பழியைக் கண்மேல் மட்டும் போட முடியாது. தேனி பஸ் ஸ்டாண்டில் இறங்கி "ஹார்டுவேர் கடை பொன்னுராஜ் வீடு" என்றால் ஆட்டோக்காரர் மறுகேள்வி கேட்காமல் கொண்டுவந்து விடுவார். மனுஷன் அதே நினைப்பில் பெங்களூரில் போய் "ஜாஸ்பர் வீடு" என்றும், சென்னையில் "மகிமா வீடு" என்றும் விசாரித்திருக்கிறார். தெருவும் தெரியாது, நம்பரும் தெரியாது. இரண்டு தடவையும் போன் வீட்டில் கிடந்தது.

பெங்களூரில் ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பெண் இவர் கையைப் பிடித்து நிழலில் உட்கார வைத்து, காபி வாங்கிக் கொடுத்து, தமிழ் தெரிந்த பூக்காரியை அழைத்து வந்து விசாரித்து, வீட்டு வாசல் வரை கொண்டுவந்து விட்டாள். நான் கீழே இறங்கி வருவதற்குள் போய்விட்டாள். மகிமா இருக்கிற பெரம்பூரில் கூட்டி வந்தவர் ஒரு ஆட்டோக்காரர். தெருத் தெருவாக, கேட்டுக்கு கேட்டு நிறுத்தி "மகிமா வூடு இதானா?" என்று கேட்டு, வழியெல்லாம் இவரைத் திட்டி, வாசலுக்கு ஓடிவந்த என்னையும் திட்டி, பணத்தை நீட்டினால் அதற்கும் ஒரு திட்டு திட்டிவிட்டு வாங்காமலே போனார்.

இதையெல்லாம் பார்த்த பிறகும் மெட்ராஸ் என்றால் எனக்குக் கோபம் வராதா?

"அங்கன ஒருத்தராவது மூஞ்சி குடுத்துப் பேசுனாகளா? பெங்களூர்ல அந்தப் பிள்ளை உங்கள எப்பிடித் தாங்குச்சு?"

"தங்கமான பிள்ளை. ஊரும் தங்கமான ஊருதான், நான் இல்லைங்கல" என்றார். செருப்பு அகப்பட்டுவிட்டது. "என்னையப் பாத்த ஒடனே அவளுக்குத் தெரிஞ்சு போச்சு சொர்ணம், கையப் புடிச்சிட்டா. அந்த ஆட்டோக்காரன் கடேசி வரைக்கும், 'கண்ணு நல்லாத்தான கீது, போர்டு பாத்து வரமாட்டியா பெருசு'ன்னு வஞ்சுக்கிட்டே வந்தான். எனக்குக் கண்ணு தெரியுதுன்னு நெனச்சிருக்கான்ல."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். படியிறங்கி எதிர்ச்சாரி டீக்கடைக்குப் போனார்.

இங்கே யாரும் அவரைத் திட்டுவதில்லை. கேட்ட அளவை விட்டு வேறு நட்டை எடுத்துக் கொடுத்தாலும் பேசாமல் வாங்கிக்கொண்டு, அவர் அந்தப் பக்கம் போனதும் என்னிடம் வந்து மாற்றிக்கொள்கிறார்கள். அவருக்குத் தெரியாது என்று நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். நானும் லேசுப்பட்டவள் இல்லை, ஒரு காலத்தில் என் சத்தம் அல்லிநகரம் வரை கேட்கும் என்பார்கள். டாக்டர் சொன்ன நாளிலிருந்து அவரிடம் குரலை உயர்த்தியதே இல்லை.

அவர் திரும்பி வரும்போது ரோட்டில் நல்ல நெரிசல். "அண்ணாச்சி வர்றாக" என்று யாரோ சொன்னார்கள். கம்பம் பஸ் நின்றது. பின்னால் வாழைத்தார் ஏற்றிய வேன் நின்றது. எதிரே வந்த ஆட்டோக்களும் நின்றன. ஒருவர்கூட ஹாரன் அடிக்கவில்லை. நடு ரோட்டில் அவரும் நின்றுவிட்டார், தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, அந்த அமைதியைக் கேட்டபடி. கையில் எனக்கு வாங்கிய பார்சல் டீ தொங்கியது.

போன் அடித்தது. ஜாஸ்பர். அதைக் கையில் பிடித்தபடியே படிக்கு வந்தேன்.

"ஏங்க, நடு ரோட்டுல என்ன வேடிக்க? இம்புட்டுப் பெரிய பஸ்ஸு நிக்கிறது கண்ணு தெரியலையா?"

ரோடே என்னைத் திரும்பிப் பார்த்தது. பஸ் டிரைவர் முகம் சுண்டிப்போனது. என் கையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது.

"வர்றேன்டி, ஏன் கத்துற" என்று அவரும் கத்தினார். வேட்டி நுனியை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, டீ சிந்தச் சிந்த, வேகமாக நடந்து வந்தார்.