பதினாறில் நாலு

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து வந்தது. பொய் என்னுடையது.

என் அக்கா பரிசோதனைக் கூடத்தில் இருபத்திரண்டு வருடமாக அறிக்கை தட்டச்சு செய்கிறவள். மார்பகக் கட்டியின் அளவு, கிரேடு எல்லாம் மருத்துவர் சொல்லச் சொல்ல அடித்துக்கொண்டே போவாள். போன வருடம் அப்படி ஓர் அறிக்கையில் அவள் பெயரே வந்தது. வேறு யாரையும் அடிக்க விடவில்லை.

("விரல்கள் நடுங்கின" என்று முதலில் எழுதியிருந்தேன். நடுங்கவில்லையாம். எடுத்துவிட்டேன்.)

2

டாக்டரம்மா அறிக்கையைப் புரட்டினார். "கட்டி ரெண்டு சென்டிமீட்டர்தான், நல்லது. ஹார்மோன் ரிசப்டர் பாசிட்டிவ், மாத்திரை வேலை செய்யும், அதுவும் நல்லது. ஆனா அக்குள்ல எடுத்த பதினாறு நிணநீர் முடிச்சுல நாலுல பரவியிருக்கு. கிரேடும் மூணு, வேகமா வளர்ற ரகம்."

"அப்ப எத்தனை வருஷம் டாக்டர்?" நான்தான் கேட்டேன்.

"எல்லாத்தையும் சேர்த்துப் பார்த்தா ஒரு கணக்கு வரும்மா. அது ஆயிரம் பேருக்குச் சொல்றது, ஒருத்தருக்குச் சொல்லாது."

"அந்த ஆயிரம் பேருக்கும் நான்தான் டைப் அடிச்சேன்," என்றாள் அக்கா. "அப்புறம் என்ன ஆனாங்கன்னு ஒருத்தரும் வந்து சொன்னதில்ல."

3

எழுத உட்கார்ந்தபோது, "பதினாறு முடிச்சுகளிலும் நோய் இல்லை" என்று போட்டேன். கதைதானே. அதற்குப் பிறகு மூன்று பக்கம் தடையில்லாமல் ஓடியது.

நாலாவது கீமோ முடிந்து சுருண்டு படுத்திருந்தவள் அதை வாங்கிப் படித்தாள்.

"யாருடி இவ?"

"நீதான்க்கா."

"நான் இல்ல. நாலுன்னு போடு. தப்பு ரிப்போர்ட் என் கையால போனதில்ல."

"எழுதவே கஷ்டமா இருக்குக்கா."

"எனக்கு மட்டும் என்ன, குளுகுளுன்னா இருக்கு?"

சிரித்தோம். பிறகு அவள் வாந்தி எடுத்தாள், நான் தலையைப் பிடித்துக்கொண்டேன். மூன்று பக்கத்தையும் கிழித்துப் போட்டேன்.

4

முடிவுகள் இரண்டு எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவள் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டில் என்னோடு சண்டை போடுகிறாள். இன்னொன்றில் நான் மட்டும் அந்த வீட்டுக்—

(இதை முடிக்க முடியவில்லை.)

நடந்தது இதுதான். கீமோவும் கதிர்வீச்சும் முடிந்தன. மூட்டு வலிக்கிறது என்று திட்டிக்கொண்டே தினமும் மாத்திரை போடுகிறாள். வேலைக்கும் திரும்பிவிட்டாள். முதல் வாரமே ஒரு பெண் அறிக்கையைக் கையில் பிடித்துக்கொண்டு, "இது நல்லதா கெட்டதாம்மா?" என்று கேட்டாளாம். அக்கா தன் அறையைவிட்டு வெளியே வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள்.

"என்னக்கா சொன்னே?"

"கூட யார் வந்திருக்காங்கன்னு கேட்டேன். யாருமில்லன்னா. டாக்டர் கூப்பிடுற வரைக்கும் இருந்தேன்."

அக்காவுக்கு அடுத்த ஸ்கேன் புதன்கிழமை. முடிவு வேண்டுமானால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நான் அவளோடு போக வேண்டும்.