அத்தானின் ஞாயிற்றுக்கிழமைகள்

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கிரெடிட் கார்டு வைத்திருந்தவர் அத்தான்தான். அக்காவின் கணவர். ஒரு டயர் கடையில் விற்பனையாளராக இருந்தார். சம்பளம் ஒன்றும் பிரமாதம் இல்லை. ஆனால் மடிப்புக் கலையாத சட்டையும் பக்கவாட்டில் வாரிய தலையுமாக அவர் நடந்து வருவதைப் பார்த்தால், கடையே அவருடையதோ என்று தோன்றும். நாங்கள் அவருக்கு மினிஸ்டர் என்று பெயர் வைத்திருந்தோம். அது அவருக்கும் தெரியும். தெரியாதவர் மாதிரி இருந்துகொண்டு உள்ளுக்குள் குளிர்ந்துபோவார்.

மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரிடமிருந்து எல்லா வீட்டுக்கும் போன் வரும். "இன்னிக்கு மத்தியானம் யாரும் அடுப்பு பத்த வைக்காதீங்க." அவ்வளவுதான், வைத்துவிடுவார். அண்ணன், அண்ணி, சித்தப்பா, சித்தி, பிள்ளைகள், அப்போது கல்யாணமாகாத நான், எல்லோரும் பேருந்து நிலையத்துக்கு எதிரே மாடியில் இருந்த ஹோட்டலுக்குப் போய்ச் சேருவோம். மேசைகளை இழுத்து ஒன்றாகப் போடுவார்கள். சித்தப்பா சூப்பை ஊதி ஊதிக் குடிக்கிற சத்தத்துக்குப் பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அண்ணி, "எனக்குப் பசியே இல்லை" என்று சொல்லிக்கொண்டே பொரித்த கோழியை ஒரு கை பார்ப்பாள். பிள்ளைகள் ஐஸ்கிரீம் கிண்ணத்துக்காக மேசைக்கு அடியில் சண்டை போடும். அக்கா சிரித்துச் சிரித்துப் புரையேறி, யாராவது தலையில் தட்ட வேண்டியிருக்கும்.

கடைசியில் பில் வரும். யார் கை நீட்டினாலும் அத்தான் முந்திக்கொள்வார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பில்லை மேலிருந்து கீழே ஒருதரம் பார்ப்பார்.

"நான் கார்டுல போட்டுடறேன். உங்க உங்க பங்கை என் கையில குடுத்துடுங்க. பாயிண்ட் ஏறும்."

பரிமாறுகிறவர் கார்டை வாங்கிக்கொண்டு போய், கொஞ்ச நேரம் கழித்து ஒரு நீளச் சீட்டோடு வருவார். அத்தான் அதில் ஏதோ ஒப்பந்தம் போடுகிறவர்போல கையெழுத்துப் போட்டு, கீழே ஒரு கோடும் இழுப்பார். நாங்கள் கொடுத்த நோட்டுகளை ஒரே பக்கமாகத் திருப்பி அடுக்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். பாயிண்ட் என்றால் என்னவென்று எங்களில் யாருக்கும் தெரியாது. அதைப் பற்றிக் கேட்டால் பட்டிக்காட்டு ஆள் என்று நினைத்துவிடுவாரோ என்று நாங்கள் கேட்கவும் இல்லை. ஒரே ஒரு முறை அந்தப் பாயிண்டில் ஓர் இஸ்திரிப் பெட்டி வந்தது. அக்கா அதைக் கூடத்தில் வைத்து, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினாள்.

பிறகு குட்டு வெளிப்பட்டது. வங்கியிலிருந்து ஆட்கள் வீடு தேடி வந்தார்கள். கார்டு ஒன்றல்ல, ஐந்து. ஒன்றில் எடுத்து இன்னொன்றை அடைத்து, அதை அடைக்க மூன்றாவதைத் தேய்த்து, வட்டி அசலைவிடப் பெரிதாக வளர்ந்து நின்றது. அக்காவின் நகை போயிற்று. சொந்த வீடு போயிற்று. இரண்டு அறை வாடகை வீட்டுக்கு மாறினார்கள். குடும்பமே அத்தானைத் திட்டித் தீர்த்தது. "ஊரைக் கூட்டிச் சோறு போட்டே ஓட்டாண்டி ஆயிட்டான்" என்றார் சித்தப்பா. நானும் ஒத்து ஊதினேன். அவரவர் சாப்பிட்டதற்கு அவரவர் காசு கொடுத்துவிட்டுத்தான் வந்தோம் என்பது அந்தச் சமயத்தில் ஒருவருக்கும் நினைவு வரவில்லை.

அதற்குப் பிறகு கடைசி ஞாயிறு என்று ஒன்று இல்லாமல் போயிற்று. அத்தான் டயர் கடையை விட்டு ஒரு கிடங்கில் சரக்குப் பொறுப்பாளராகச் சேர்ந்தார். பல வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு கடனை அடைத்தார். கல்யாணம் காட்சி என்று எங்காவது பார்த்தால் சிரிப்பார், தள்ளி உட்கார்ந்துகொள்வார். அண்ணன் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே போக்குவரத்து குறைந்தது. சண்டை எதுவும் இல்லை. கூப்பிட ஆள் இல்லை, அதுதான்.

இனி என் வண்டவாளம்.

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். இரண்டு வருடத்துக்கு முன் இடுப்பில் அடிபட்டு மாதக்கணக்கில் படுத்துவிட்டார். நான் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பில் இருக்கிறேன். என் சம்பளம் வாடகையோடு தீர்ந்துவிடும். பால், காய்கறி, மருந்து, பெண்ணின் பள்ளிக் கட்டணம் எல்லாம் கார்டில் போனது. வீடு தங்குதடை இல்லாமல் ஓடியது. அதுதான் கோளாறு. ஓடாமல் நின்றிருந்தால், எப்படிச் சமாளிக்கிறாய் என்று அவர் கேட்டிருப்பார். கேட்கவில்லை, மாறாகப் பெருமைப்பட்டார். எழுந்து வேலைக்குப் போன பிறகு பார்க்கிறவர்களிடமெல்லாம், "நான் படுத்திருந்தப்ப ஒரு பைசா கடன் வாங்காம வீட்டை ஓட்டினா" என்று வாய் நிறையச் சொன்னார். முதல் தடவை அவர் அப்படிச் சொன்னபோதே நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அந்தப் பேச்சு காதுக்கு அவ்வளவு இதமாக இருந்தது, மூச்சுக் காட்டவில்லை.

போன வாரம் வங்கியிலிருந்து ஒரு பெண் பேசினாள். தங்கமான குரல். "மேடம், திங்கக்கிழமைக்குள்ள குறைஞ்சபட்சத் தொகையாவது கட்டிடுங்க. இல்லன்னா நீங்க குடுத்திருக்கிற ரெண்டாவது நம்பருக்குத்தான் நாங்க கூப்பிடணும்." இரண்டாவது நம்பர் என் வீட்டுக்காரருடையது. விண்ணப்பத்தில் என் கையாலேயே எழுதிக் கொடுத்தது.

புதிதாக வாங்கிய கார்டில் மட்டும் கொஞ்சம் இடம் இருந்தது. அதைத் தேய்க்கலாம், ஆனால் கையில் காசாக வேண்டும். அன்றைக்கே அண்ணனுக்கும் சித்தப்பாவுக்கும் அக்காவுக்கும் போன் செய்தேன். "எத்தனை வருஷமாச்சு. பழையபடி ஒரு ஞாயித்துக்கிழமை எல்லாரும் சேர்ந்து சாப்பிடலாமா? உங்களையெல்லாம் பாக்கணும்போல இருக்கு." பொய் என்று சொல்ல முடியாது. அண்ணிகூட மறுமுனையில் அழுதுவிட்டாள்.

பழைய ஹோட்டல் இருந்த மாடியில் இப்போது செல்போன் கடை. வேறு ஒரு பெரிய ஹோட்டலில் மேசை சொல்லிவைத்தேன். ஒருவர் பாக்கி இல்லாமல் வந்தார்கள். மேசைகளைச் சேர்த்துப் போட்டார்கள். சித்தப்பா சூப்பை ஊதினார், பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணிக்குப் பசியே இல்லை. மேசைக்கு அடியில் சண்டை போட்ட பிள்ளைகளெல்லாம் தாடியும் போனுமாக உட்கார்ந்திருந்தன. அக்காவுக்குப் புரையேறியது, நான் ஓடிப்போய்த் தலையில் தட்டினேன். எனக்கு அப்படிச் சந்தோஷமாக இருந்தது. அதே நேரம் மேசையில் என்னென்ன வருகிறது, தலைக்கு எவ்வளவு ஆகும் என்று மனது ஒரு பக்கம் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தது.

சாப்பாட்டுக்கு நடுவில் என் வீட்டுக்காரர் வழக்கமான பாட்டை ஆரம்பித்தார். "நான் படுத்திருந்தப்ப ஒரு பைசா..." எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தண்ணீர் குடித்தேன்.

பில் வந்ததும் முந்திக்கொண்டேன்.

"நான் கார்டுல போட்டுடறேன். உங்க பங்கை என் கையில குடுத்துடுங்க. பாயிண்ட் ஏறும்."

"இந்தா, போன்லயே அனுப்பிடறேன்" என்றான் அண்ணன்.

"வேணாம்ணா, காசாவே குடு." போனில் அனுப்பினால் நானும் என் வீட்டுக்காரரும் சேர்ந்து வைத்திருக்கிற கணக்குக்கு வரும், அவர் போனிலும் செய்தி ஒலிக்கும். அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே கீழே இயந்திரத்தில் பணம் எடுக்கப் போனான்.

"மினிஸ்டர் பதவிக்கு ஆள் வந்தாச்சுப்பா" என்றார் சித்தப்பா. மேசையே சிரித்தது. அக்காவும் சிரித்தாள். அத்தான் மட்டும் சிரிக்கவில்லை. மெனு அட்டையை எடுத்து, சாப்பிட்டு முடித்த பிறகு, முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார்.

எல்லோரும் கொடுத்தார்கள், அவர் தரவில்லை. கை கழுவுகிற இடத்தில் என் பக்கத்தில் வந்து நின்றார். குழாயைத் திறந்துவிட்டு, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"எத்தனை?"

"என்ன அத்தான் எத்தனை?"

அவர் சோப்புப் போட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"மூணு" என்றேன்.

அவர் இன்னும் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"நாலு."

"கெடு நாளைக்கா?"

"நாளைக்கு."

குழாயை மூடினார். "நீ பாயிண்ட்டுன்னு சொன்னப்பவே தெரிஞ்சுபோச்சு சின்னவளே. அந்தப் பாயிண்ட்ல மொத்தமா நான் கண்டது ஒரு இஸ்திரிப் பெட்டி."

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. ஏனென்றால் அதுவரை கேட்டுக்கொள்ளாத ஒரு கேள்வி அப்போதுதான் எழுந்தது. கார்டைத் தேய்த்துக் காசு வாங்கினார் என்பது, நானும் அதையே செய்ய ஆரம்பித்த அன்றே விளங்கிவிட்டது. ஆனால் எங்களைக் கூப்பிட்டது?

"அத்தான், மாசா மாசம் எங்களைக் கூப்பிட்டதே அதுக்குத்தானா?"

"ஆமா" என்றார். "ஒண்ணாந்தேதி கட்டணும். அதான் கடைசி ஞாயிறு."

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. என் வாழ்க்கையில் நல்லது என்று நான் எடுத்துவைத்திருந்தது அந்த ஞாயிற்றுக்கிழமைகளைத்தான். என் வீட்டுக்காரர் இடுப்பொடிந்து படுத்திருந்த நாட்களில், தூக்கம் வராதபோது, அந்த மாடியையும் அந்த மேசையையும் நினைத்துத்தான் மனதைத் தேற்றிக்கொள்வேன். அதெல்லாம் இந்த மனிதருக்குக் கைமாற்று. எங்கள் எல்லோரிடமும் மாதம் தவறாமல் வாங்கிய கைமாற்று. இந்தக் கோபத்துக்கு உனக்கு என்ன யோக்கியதை என்று நீங்கள் கேட்கலாம். அண்ணன் கொடுத்த நோட்டு கைப்பையில் இருக்கும்போதுதான் கோபப்பட்டேன்.

"இன்னிக்கு எல்லாரையும் பாத்தியே, உனக்குச் சந்தோஷமா இருந்துதா இல்லையா?" என்று கேட்டார்.

"இருந்துது."

"எனக்கும் இருந்துது. அது ஒண்ணும் நடிப்பு இல்ல." கைக்குட்டையை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். "உங்க சித்தப்பா சூப் குடிச்சது, நீ ஒருநாள் பச்சைப் பை ஒண்ணை மாட்டிட்டு வந்து தொலைச்சது, பசங்க அடிச்சுக்கிட்டது, எல்லாம் அப்படியே கண்ணுல நிக்குது. உங்க அக்கா மட்டும் இல்ல."

"அக்காவா? அவதானே அங்க சத்தமே."

"அதான் சொல்றேன். அவ சிரிச்சான்னு நீங்கல்லாம் சொல்றீங்க. நான் அவ முகத்தைப் பாத்தாத்தானே? பாத்தா கண்டுபிடிச்சிடுவாளோன்னு பயம். மத்த எல்லாரையும் பாத்துட்டு அவளை விட்டுட்டேன். அவ்வளவு வருஷம், என்ன உடுத்திக்கிட்டு வந்தா, என்ன சாப்பிட்டான்னு கேட்டா எனக்கு ஒண்ணும் தெரியாது. வீடு போனது போகட்டும். இது வயித்தெரிச்சலா இருக்கு."

தன் பங்கை எடுத்து என் கையில் வைத்தார். "இது நாங்க சாப்பிட்டதுக்கு" என்று சொல்லிவிட்டு, அக்கா இருந்த பக்கம் நடந்தார். அவள் கைப்பையைத் தேடிக்கொண்டிருந்தாள். அவர் அவள் எதிரே நின்று, அவள் தேடி முடிக்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார்.

பணம் சரியாக இருந்தது. நாளைக்கு இது போதும். அடுத்த மாதத்துக்கு இன்னொரு சாக்கு வேண்டும். பெண்ணின் பிறந்தநாள் வருகிறது, எல்லோரையும் கூப்பிடலாம் என்று படியிறங்கும்போதே மனது ஓட ஆரம்பித்துவிட்டது. கூடவே இன்னொன்றும் ஓடியது. இன்றைக்கு என் வீட்டுக்காரர் என்ன சாப்பிட்டார்? என் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார். முழங்கை முழங்கையில் இடித்தது. சூப் குடித்தாரா? ஐஸ்கிரீம் வாங்கினாரா? யோசித்து யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை. சித்தப்பாவின் தட்டு நினைவிருந்தது. அண்ணியின் தட்டு நினைவிருந்தது.

அவர் காரில் உட்கார்ந்து சாவியைப் போட்டிருந்தார். பெண் பின்னால் இல்லை, அண்ணன் வண்டியில் போய்விட்டாளாம். நான் ஏறி உட்கார்ந்தேன்.

"எல்லாரும் குடுத்துட்டாங்களா?"

"குடுத்துட்டாங்க."

நீலக் கட்டம் போட்ட சட்டை. காலர் ஓரம் நைந்திருந்தது. காதுக்குப் பக்கத்தில் நரை இவ்வளவு ஏறியிருப்பதை நான் கவனிக்கவே இல்லை. இடுப்பு வலிக்கிறது போலிருக்கிறது, முதுகுக்குப் பின்னால் துண்டைச் சுருட்டி வைத்திருந்தார்.

"என்ன அப்படிப் பாக்குற?"

"வண்டியை இப்ப எடுக்காதீங்க. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

அவர் சாவியைத் திருப்பி வெளியே எடுத்தார். ஏதோ நல்ல சேதி என்று நினைத்துக்கொண்டாரோ என்னவோ, என் பக்கம் திரும்பி உட்கார்ந்து, "சொல்லு" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை முழுசாகப் பார்த்து முடித்த பிறகுதான் ஆரம்பித்தேன்.