கடைசி வரிசை

காலை ஆறு மணிக்குச் சங்கு அலறியது. நாற்பத்து மூன்று நாளாக ஊமையாகக் கிடந்த சங்கு. வேலைநிறுத்தம் முடிந்துவிட்டது.

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகும் சாலையில் அந்தக் கார் சீட் தொழிற்சாலை. அடையாள அட்டையைக் காட்டிவிட்டு எல்லோரும் உள்ளே ஓடினார்கள். சங்கரியின் அட்டையை வாங்கிய செக்யூரிட்டி துரை, கையிலிருந்த தாளைப் பார்த்தார். அட்டையைத் திருப்பித் தரவில்லை.

"உன் பேரு லிஸ்ட்ல கீது சங்கரி. மூணு பேரை உள்ள உடக் கூடாதாம்."

"இன்னாண்ணா, வெளையாடிகினு கீறே? ஆறரைக்குள்ள பஞ்ச் பண்ணணும்!"

"ஆபீஸ் லிஸ்ட்டும்மா. நா இன்னா பண்றது?"

ஏழு வருடம் ஒப்பந்தத் தொழிலாளியாகத் தையல் மிஷின் முன் குனிந்திருந்து, போன ஆண்டுதான் நிரந்தரமானவள் சங்கரி. இன்று ஆறரைக்குள் வேலைக்கு வராதவர்கள் தாமாக விலகியவர்கள் என்று, சங்கமும் கம்பெனியும் போட்ட உடன்பாட்டிலேயே எழுதியிருந்தது.

சாலைக்கு எதிர்ப்புறம் இருந்த போராட்டப் பந்தலுக்கு ஓடினாள். சங்கத் தலைவர் தமிழ்வாணன் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நேற்று கல்யாண மண்டபத்தில் போட்ட மாலை பக்கத்து நாற்காலியில் கிடந்தது.

நேற்று அங்கேதான் பொதுக்குழு. கம்பெனி ஆள் ஒருவர்கூட இல்லை. வாசலிலேயே எல்லோருடைய போனையும் கூடையில் வாங்கி வைத்துவிட்டார்கள். நாற்பத்து மூன்று நாளும் கூடவே வெயிலில் உட்கார்ந்த ஒப்பந்தப் பெண்களுக்கு உடன்பாட்டில் ஒன்றுமே இல்லை. "சம்மதம்னா கை தூக்குங்க" என்று மேடையிலிருந்து தமிழ்வாணன் கேட்டபோது, அத்தனை முதுகுகளுக்கும் பின்னால், சங்கரியும் பக்கத்தில் இருந்த இருவரும் கையை மடியிலேயே வைத்திருந்தார்கள்.

"அண்ணே, என்னை நிறுத்திட்டாங்க!"

"பாத்தியா அவங்க புத்தியை! நேத்து கையெழுத்து, இன்னிக்குப் பழிவாங்கல். கேஸ் போட்லாம்மா. சங்கம் உன் பின்னாடி நிக்கும். இப்ப வூட்டுக்குப் போ."

"கேஸா? ஒரு வார்த்தை வந்து சொல்லுண்ணே. நீ சொன்னா கேட்டைத் தொறப்பாங்க."

"மொத நாளே தகராறு பண்ணா நல்லாவா இருக்கும்?"

அவள் முகத்தைப் பார்க்காமலே இன்னொரு இட்லி கேட்டார்.

ஆறு இருபத்தெட்டு. சங்கரி மறுபடி வாசலுக்கு ஓடினாள். மனிதவள மேலாளர் பார்த்தசாரதி கேட்டுக்கு உள்ளே நின்றிருந்தார். கம்பிகளைப் பிடித்துக்கொண்டாள்.

"சார், நான் இன்னா தப்பு பண்ணேன்? கோஷம் எல்லாருந்தானே போட்டாங்க?"

பார்த்தசாரதி கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, அவளை முதன்முறையாகப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"கோஷத்தை யாரும்மா கேட்டா? நேத்து மண்டபத்துல, கடைசி வரிசையில கை தூக்காம உட்கார்ந்திருந்தது நீதானே?"