முன்னால் போன சிவப்பு விளக்குகள்

அன்று காலை எங்கள் ஊர் ரான்ஃபர்லியில் வேலிக் கம்பிகளெல்லாம் நரைத்திருந்தன. இரவு முழுக்க இறங்கிய மூடுபனி அப்படியே உறைந்து படிந்திருந்தது. தொலைவிலிருந்த டனீடின் நகர ஆஸ்பத்திரியில் முற்பகலில் என் கணவர் ஈவனுக்குக் கண் அறுவை சிகிச்சை. விழித்திரை கிழிந்திருந்தது. அன்று தவறினால், அடுத்த முறை வருவதற்குள் அந்தக் கண் போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

எங்கள் வீட்டில் வண்டி ஓட்டுவது எப்போதும் அவர்தான். அன்று நான். புறப்படும்முன் இருவரும் தலை குனிந்து ஜெபித்தோம். ஆமென் சொல்லி முடித்ததுமே அவர் ஆரம்பித்துவிட்டார்.

"பெரிய லைட்டப் போடாத, மோரக். பனியில பட்டு நம்ம கண்ணுலயே அடிக்கும்."

"தெரியும்."

"பைன் மர நிழல்ல பிரேக்கத் தொடாத. ஐஸு தார் நிறத்துலயே கிடக்கும்."

"கெட்டது ஒரு கண்ணுதான ஈவன்? கூடவே வாயும் கொஞ்சம் கெட்டிருக்கலாம்."

சிரித்தார். ஆனால் கதவுப் பிடியிலிருந்து கையை எடுக்கவில்லை.

ஊரைத் தாண்டியதும் சாலையோரக் கம்பங்கள்கூட மறைந்தன. அப்போதுதான் முன்னால் இரண்டு சிவப்பு விளக்குகள் தெரிந்தன. ஆண்டவருக்கு நன்றி சொல்லி, அவற்றையே பிடித்துக்கொண்டு போனேன். அவை திரும்பின, நானும் திரும்பினேன். சக்கரத்தின் அடியில் சரளைக்கல் நெறுநெறுத்தது. விளக்குகள் நின்றன. நாய் குரைத்தது.

முன்னால் நின்ற பிக்கப் வண்டியிலிருந்து ஒருவர் இறங்கி வந்து என் கண்ணாடியைத் தட்டினார்.

"எங்க போகணும்?"

"டனீடின்."

"இது என் கொட்டகை. ஹைவே உங்களுக்குப் பின்னால இருக்கு." அவர் பெயர் லாக்லன். "வெக்கப்படாதீங்க. பனி நாள்ல என் பின்னாடியே யாராவது வந்துடுவாங்க. போன வருஷம் ஒரு பஸ்ஸே வந்துச்சு. டீ போட்டுப் போட்டே என் வீட்டுக்காரி ஓஞ்சுபோனா."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஈவனின் அறுவை சிகிச்சையைப் பற்றிச் சொன்னேன். அங்கே கைப்பேசி எடுக்காது. அவர் மனைவி ஷோனா எங்களை வீட்டுக்குள் அழைத்து உட்காரவைத்துவிட்டு, உள்ளறையிலிருந்த போனில் ஆஸ்பத்திரியைக் கூப்பிட்டாள். மேசையில் சூடான ஸ்கோன் ரொட்டி மணத்தது. அறுவைக்காக ஈவன் வெறும் வயிற்றோடு இருந்தார்.

"கண்ணுதான் சரியாத் தெரியல," என்றார் ஏக்கமாக. "மூக்குக்கு ஒரு குறையும் இல்ல."

ஷோனா திரும்பி வந்தாள். "மதியம் ஆபரேஷனுக்கு இருந்த ஒரு அம்மா, நான் முதல்ல போறேன், அவர் நிதானமா வரட்டும்னாங்களாம். அவசரப்படாம வாங்கன்னு நர்ஸ் சொல்லச் சொன்னாங்க."

லாக்லனின் ஆடுகள் தீவனத்துக்குக் கத்திக்கொண்டிருந்தன. அவர் அதைக் கேட்டும், மறுபடி வண்டியில் ஏறினார். "இப்ப என் பின்னாடி தைரியமா வாங்க. இந்தத் தடவை வீட்டுக்குப் போகமாட்டேன்."

எச்சரிக்கை விளக்குகளை மினுக்கிக்கொண்டு முன்னால் ஊர்ந்தார். பைன் மரங்கள் வந்ததும் கையை வெளியே நீட்டி, உள்ளங்கையைக் கீழ்நோக்கி அசைத்தார். மிதியிலிருந்து காலை மெல்ல எடுத்தேன். வண்டியின் வால் ஒருமுறை வழுக்கியது, பிறகு அடங்கியது. ஈவன் கதவுப் பிடியிலிருந்து கையை எடுத்தார். மேட்டைத் தாண்டியதும் வெயில். லாக்லன் ஓரமாக ஒதுங்கி, எங்கள் பக்கத்து வழக்கப்படி ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் உயர்த்திவிட்டு, பனிக்குள் திரும்பிப் போனார்.

ஆஸ்பத்திரியில் நாங்கள் காத்திருந்தபோது, ரப்பர் பூட்ஸோடு ஒருவர் மூச்சிரைக்க வந்தார்.

"எங்க அம்மாவுக்கு மதியம்தான ஆபரேஷன்?"

"முன்னாடியே உள்ள போயிட்டாங்க," என்றாள் நர்ஸ்.

"நான் வந்து கையப் பிடிச்சுக்கிறேன்னு சொல்லியிருந்தேன். தனியாப் போகப் பயப்படுவாங்களே."

ஈவன் எழுந்து, பெஞ்சைத் தடவிக்கொண்டே அவரிடம் போனார்.

"அவங்க எனக்காகத்தான் முன்னாடி போனாங்கப்பா. என்ன மன்னிச்சுடு."

அந்த மனிதர் ஈவனின் கையைப் பிடித்துப் பெஞ்சில் உட்காரவைத்தார். பிறகு, "அது எங்க அம்மாவோட குணம்," என்று சொல்லி அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது. கண்ணில் கட்டோடு, சின்ன உருவமாக ஒரு பெண்மணியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். மகன் ஓடிப் போய்க் கையைப் பிடித்தார்.

"வந்துட்டியா? நல்லது," என்றாள் மயக்கம் தெளியாத குரலில். "அந்த ரான்ஃபர்லிக்காரர் பத்திரமா வந்து சேர்ந்தாரா?"

"வந்துட்டேம்மா," என்றார் ஈவன்.