பெரட்டுக்கு நின்ற ஹைடன்

கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு பாடச் சொன்னதில்தான் ஏஞ்சலாவுக்கு முதல் எரிச்சல் வந்தது.

கந்தப்பளைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்துப் பழைய பெரிய பங்களாவை ஹோட்டலாக்கி நாலு வருசமாகிறது. அதன் மேனேஜர் விஜிதரன் கொழும்பிலிருந்து வந்தவர். கெட்ட மனுசன் என்று சொல்ல முடியாது. ஆனால் கண்ணில் பட்டதையெல்லாம் படம் எடுக்கத் தோதாக இருக்கிறதா என்றுதான் பார்ப்பார். டிசம்பர் இருபத்துநாலாம் தேதி முப்பது வெளிநாட்டுக்காரர்கள் வருகிறார்கள், எல்லாரும் சங்கீதப் பைத்தியங்கள், ஹைடன் என்கிற பழைய காலத்து இசை மேதையின் மெட்டைத் தோட்டத்துச் சனம் தமிழில் பாடிக் காட்ட வேண்டும் என்று மாதா கோயில் பாடகர் குழுவைக் கேட்டார். குழுவும் தலையாட்டிவிட்டது. அதற்குப் பிறகல்லவா உடுப்பைப் பற்றி வாயைத் திறந்தார்! தலையில் துணி, இடுப்பில் படங்கு என்கிற முரட்டுத் துணி, முதுகில் மூங்கில் கூடை.

“கிறிஸ்மஸ் அன்னைக்கு நல்லதா ஒரு சீலை கட்டக் கூடாதாங்க?” என்று கேட்டாள் றோசலின். குழுவில் உச்சக் குரல் அவளுடையது, சண்டைக்கும் அதே குரல்தான். “மூங்கில் கூடையக் கண்டே எத்தன வருசம்! நாங்க இப்ப உரச்சாக்கத் தைச்சுல்ல மாட்டிக்கிட்டு மலைக்குப் போறோம்.”

மேனேஜர் சிரித்தார். “கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க அம்மா” என்றார். எதைக் கேட்டாலும் அவரிடம் இருந்தது இந்த ஒரே மருந்துதான். மறுவாரம் கண்டியிலிருந்து பன்னிரண்டு புத்தம் புதுக் கூடைகள் வந்து இறங்கின.

குழுவைப் பழக்குகிறவர் ஜூட்சன், தோட்டப் பள்ளிக்கூடத்துச் சங்கீத வாத்தியார். முப்பது வயதுகூட ஆகவில்லை. ஹைடன் என்றால் பைத்தியம், சாப்பாட்டையே மறந்துவிடுவார். மெட்டுக்குத் தமிழ் வார்த்தை கட்டியதும் அவர்தான். ஒத்திகை நடந்த ஒரு மாதமும் பாதி நேரம் பாட்டு, பாதி நேரம் ஹைடன் கதை.

“அவரோட அப்பா வண்டிச் சக்கரம் செய்யிறவரு. அம்மா ஒரு பிரபு வீட்டுல சமையல்காரி. இவரு பெரிய ஆளானதுக்கு அப்புறமும் ஒரு இளவரசரோட அரண்மனையில முப்பது வருசம் கிட்ட சம்பளத்துக்கு இருந்தவருதான். அரண்மனை கொடுக்கிற உடுப்பத்தான் போடணும். தெனமும் போய் நின்னு, இன்னைக்கு என்ன வாசிக்கணும்னு உத்தரவு கேக்கணும்.”

“அப்ப அவரும் பெரட்டுக்கு நின்னவருதான்” என்றார் பழனியாண்டி. விடிகாலையில் தோட்டத்தில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் இடந்தான் பெரட்டுக் களம். அறுபது வருசமாக அங்கே நின்ற குடும்பம் அவருடையது. பழனியாண்டி வேதக்காரர் இல்லை, மாரியம்மன் கோயில் ஆள். ஆனால் இந்தப் பக்கத்தில் அப்படியொரு அடிக்குரல் வேறு எவருக்கும் கிடையாது என்று ஜூட்சன் கையைக் காலைப் பிடித்துக் கூட்டி வந்திருந்தார். அவர் சொன்னதும் எல்லாரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து ஹைடன் அவர்களுக்கு அந்நியர் இல்லை, பக்கத்து லய வீட்டுக்காரர்.

ஜூட்சன் இன்னொரு கதையும் சொன்னார். ஒரு தடவை இளவரசர் கோடை மாளிகையை விட்டு நகரவே இல்லையாம். பெண்டாட்டி பிள்ளைகளைப் பிரிந்த வாத்தியக்காரர்கள் மாசக்கணக்கில் ஏங்கிப்போய் ஹைடனிடம் அழுதார்களாம். நேரே போய்க் கேட்க யாருக்குத் துணிச்சல் வரும்? ஹைடன் ஒரு சிம்பொனி எழுதினார். அதன் கடைசியில் ஒவ்வொருத்தராக வாசிப்பை நிறுத்தி, தன் முன்னால் இருந்த மெழுகுவர்த்தியை ஊதி அணைத்துவிட்டு எழுந்து போனார்கள். முடிவில் ரெண்டு வயலின் மட்டும் மிச்சம். இளவரசருக்குப் புரிந்தது. மறுநாளே எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பினார் என்று சொல்வார்கள்.

“அடேங்கப்பா, சத்தம் போடாம ஸ்ட்ரைக் பண்ணியிருக்காரு மனுசன்!” என்றாள் றோசலின்.

ஏஞ்சலா வேறொன்றைக் கேட்டாள். “அவருக்கு எத்தன புள்ளைங்க சேர்?”

“இல்லக்கா. கல்யாணம் பண்ணினாரு, புள்ள இல்ல. ஆனா வாத்தியக்காரங்க எல்லாம் அவர அப்பான்னுதான் கூப்புடுவாங்க.”

ஏஞ்சலாவுக்கு நாற்பத்தாறு வயது. இருபத்திரண்டு வருசம் முன்பு கல்யாணமாகி, பிள்ளை இல்லாமல், புருசனும் போய்ச் சேர்ந்து எட்டு வருசமாயிற்று. அம்மா செத்தபோது தம்பி கிளைவுக்கு ஆறு வயது. அவனைத் தூக்கி வளர்த்தது ஏஞ்சலாதான். அந்தக் கிளைவுக்குக் கல்யாணமாகி ஏழு வருசம் கழித்து, ரெண்டு தடவை கலைந்து, இப்போது ஒரு பெண் பிள்ளை பிறந்திருந்தது. பிள்ளைக்கு மூன்று மாதம். கிளைவ் இருபத்தாறாம் தேதி டுபாய்க்கு விமானம் ஏறுகிறான், திரும்ப ரெண்டு வருசமாகும்.

“அக்கா, ஞானத்தாய் நீதான்” என்று அவன் சொன்ன அன்று ஏஞ்சலா அடுப்பில் பாலைப் பொங்கவிட்டுவிட்டாள். ஒரு தடவையாவது தன் பேரோடு தாய் என்கிற சொல் சேரப் போகிறதே என்று வாய்விட்டே அழுதாள்.

ஞானஸ்நானத்துக்கு நாள் குறிப்பது அவ்வளவு லேசில்லை. ஒரே பாதர், அவர் தலையில் ஒன்பது தோட்டத்துக் கோயில்கள். தோட்டத்தின் கீழ்ப் பிரிவான கீழ்க்கணக்கில் இருக்கும் மாதா கோயிலுக்கு இருபத்துநாலாம் தேதி பின்னேரம் ஆறு மணிக்கு வருவார். பூசை முடிந்ததும் ஞானஸ்நானம், உடனே டவுனுக்கு ஓடுவார். அதை விட்டால் பொங்கலுக்குப் பிறகுதான். ஹோட்டல் பாட்டு மூன்று மணிக்குத் தொடங்கி நாலரைக்கு முடியும், ஹோட்டல் வேனிலேயே கொண்டுபோய் விடுவோம் என்றார் மேனேஜர். ஏஞ்சலா விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள், தாராளமாக நேரம் இருந்தது.

இருந்தது, பாதையில் மண் சரியும் வரை! வெளிநாட்டுக்காரர்களின் பஸ் மாட்டிக்கொண்டு, அவர்கள் வந்து சேர்ந்தபோது நாலே முக்கால். தேத்தண்ணி குடித்து, கேக் தின்று, பனி மூடிய மலையைப் படம் எடுத்து, உட்கார ஐந்து மணி தாண்டிவிட்டது. ஏஞ்சலா மேனேஜரிடம் போய்ச் சொன்னாள்.

“சேர், ஆறு மணிக்குப் பூசை, முடிஞ்சதும் எங்க தம்பி புள்ளைக்கு ஞானஸ்நானம். நான்தான் ஞானத்தாய். அஞ்சரைக்கு எங்கள விட்டுருங்க.”

“பாத்துக்கலாம் அம்மா. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க.”

பாடினார்கள். நன்றாகவே பாடினார்கள், சும்மா சொல்லக் கூடாது. கூடைகளில் அழகுக்காக நிரப்பியிருந்த பச்சைக் கொழுந்து மணக்க, நாலு குரலும் ஒன்றை ஒன்று தாங்கிக்கொண்டு அந்தப் பெரிய மண்டபத்தில் எழும்பின. ஏஞ்சலா பாடுவது இரண்டாம் குரல். தனியாகக் கேட்டால் அதில் மெட்டே தெரியாது, ஆனால் அது இல்லாவிட்டால் பாட்டு பொக்கை வாயாகிவிடும். வெள்ளைத் தலைமுடியோடு முன்வரிசையில் இருந்த ஒரு உயரமான கிழவி கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

ஐந்தரைக்குப் பாட்டு முடிந்தது. கைதட்டல் ஓயவில்லை. இன்னொரு தடவை என்றார்கள். பாடினார்கள். பிறகு படம் பிடிப்பு. ஜூட்சன் போய் மேனேஜரிடம் கெஞ்சினார். அவர் கையை உயர்த்தி அடக்கிவிட்டு, “இரவுச் சாப்பாடு வரைக்கும் நமது குழு பாடிக்கொண்டிருக்கும்” என்று இங்கிலீசில் அறிவித்தார். மண்டபம் மறுபடி கைதட்டியது.

றோசலின் நேரே போய்க் கேட்டாள். “வேனுக்கு டிரைவர் வரல அம்மா, வந்ததும் போகலாம். விருந்தாளி முன்னால மூஞ்சியக் காட்டாதீங்க, சிரிங்க” என்றார் மேனேஜர். குழுவில் ரெண்டு பெண்கள் அதே ஹோட்டலில் அறை துப்புரவு வேலை பார்க்கிறவர்கள். அவர்கள் முகத்தைப் பார்த்து றோசலினும் வாயை மூடிக்கொண்டாள்.

ஏஞ்சலாவின் இடுப்பில் போன் அதிர்ந்தது. தூணுக்குப் பின்னால் போய்ப் பார்த்தாள். கிளைவ் அனுப்பியிருந்தான். “அக்கா, பாதர் வந்துட்டாரு. எங்க இருக்க? நீ வராட்டி ஷெரோமியோட சித்திய நிக்கச் சொல்லுவோமான்னு கேக்குறாங்க. நான் என்னா சொல்ல?”

ஷெரோமி கிளைவின் பெண்டாட்டி, தங்கமான பிள்ளை. அவள் சித்தியும் நல்லவள்தான், நாலு பிள்ளை பெற்றவள். நாலு பிள்ளை பெற்றவளுக்கு இதுவும் வேண்டுமா? இப்படி நினைத்ததற்காகத் தன்மேலேயே கோபம் வந்தது. அழுகையும் வந்தது. போய்விடலாம் என்று கால் துடித்தது, ஆனால் முப்பது விருந்தாளி முன்னால் பெரியவர்கள் முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்ல நாக்கு எழும்பவில்லை. பிறந்ததிலிருந்து அப்படியே பழகிய நாக்கு அது.

வந்து வரிசையில் நின்றாள். ஜூட்சன் கீபோர்டில் விரல் வைத்தார். அதே பாட்டு, மூன்றாம் தடவை. முதல் அடி, இரண்டாம் அடி. பாடிக்கொண்டே முன்னால் பார்த்தாள். ஒரு மேசைக்குப் பக்கத்தில் மேனேஜர் கையில் ஒரு தாளோடு, கொழுந்து நிறுக்கும் நேரத்துக் கணக்கப்பிள்ளை மாதிரி நின்றுகொண்டிருந்தார். பின்னேர நிறுவையில் கொழுந்தைக் கொட்டின பிறகு யாரும் யாரிடமும் உத்தரவு கேட்பதில்லை. கொட்டினால் வேலை முடிந்தது, பொம்பளை தன் பாட்டுக்கு வீட்டைப் பார்த்து நடப்பாள். அதைத் தடுக்க எந்தத் துரைக்கும் வாய் வந்ததில்லை.

தன் அடியைப் பாடி முடித்தாள் ஏஞ்சலா. நேரே மேசைக்கு நடந்தாள். முதுகிலிருந்து கூடையை இறக்கி, கொழுந்தை மேனேஜரின் காலடியில் ஒரு இலை மிச்சமில்லாமல் கொட்டினாள். வெறுங்கூடையைக் கவிழ்த்து வைத்தாள். தலைத்துணியைச் சரி செய்துகொண்டு கதவைப் பார்த்து நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. நிற்கவுமில்லை.

பாட்டில் இரண்டாம் குரல் காணாமல் போனது. ஜூட்சனின் விரல் ஒரு கணம் தடுமாறியது. பிறகு அவர் முகம் விளக்குப் போட்டதுபோல் மலர்ந்தது. வாசிப்பை நிறுத்தாமல், இன்னும் மெதுவாக வாசித்தார்.

றோசலினுக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்? அடுத்த அடி முடிந்ததும் உச்சக் குரலும் நின்றது. கொட்டினாள், கவிழ்த்தாள், நடந்தாள். அவள் பின்னால் இன்னொருத்தி. ஹோட்டலில் வேலை செய்யும் ரெண்டு பெண்களும் ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு வந்து கொட்டினார்கள். மேனேஜரின் சப்பாத்துக் கால் கொழுந்துக் குவியலில் புதைந்தது. மூஞ்சி சிவந்து, ஆனால் சிரிப்பையும் விட முடியாமல், “என்ன, என்ன இது” என்று பல்லுக்குள் கேட்டார்.

கடைசியில் பழனியாண்டியின் அடிக்குரலும் ஜூட்சனின் கீபோர்டும் மட்டும் மிச்சம்.

அந்த வெள்ளைமுடிக் கிழவிதான் முதலில் எழுந்தார். வாயைப் பொத்திக்கொண்டார், கண்ணில் தண்ணீர். “ஹைடன்!” என்று சத்தமாகச் சொன்னார். அவ்வளவுதான், மொத்த மண்டபமும் புரிந்து எழுந்தது. சிரிப்பென்றால் சிரிப்பு, கைதட்டலென்றால் கைதட்டல்! அந்தச் சனம் இந்தக் கதையைக் குழந்தையிலிருந்தே கேட்டு வளர்ந்தது. கதை தெரியாதவர் அந்த மண்டபத்தில் ஒரே ஆள்தான், ஹைடன் நிகழ்ச்சி வைத்த மேனேஜர். கிழவி அவரிடம் போய் விவரத்தைச் சொல்லி, விரலை நீட்டி எதையோ கறாராகவும் சொன்னார்.

ஏஞ்சலாவும் மற்றவர்களும் வாசல் படியில் இருந்தபோது பின்னால் ஓடி வந்தது மேனேஜரேதான், கையில் வேன் சாவி.

“ஏறுங்க, நானே ஓட்டுறேன். இத மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா அம்மா?”

“மூணு பேரு மூணு தரம் சொன்னோம் சேர்” என்றாள் ஏஞ்சலா. அவர் முகத்தைப் பார்த்தே சொன்னாள். பனிக்குள் அந்த வளைவுப் பாதையில் அவர் ஓட்டிய ஓட்டத்தில், மாரியம்மன் பக்தர் பழனியாண்டி மாதாவையும் சேர்த்துக் கூப்பிட்டார்.

கோயிலுக்குள் பூசை முடிந்திருந்தது. ஷெரோமியின் சித்தி பட்டுச் சீலையில் ஞானஸ்நானத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். பாதர் புத்தகத்தைத் திறந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

“ஞானத்தாய் யாரு?”

“நான்தான் பாதர்!”

கதவிலிருந்து வந்த சத்தத்துக்குக் கோயிலே திரும்பியது. இடுப்பில் படங்கு, தலையில் துணி, கொழுந்துக் கறை படிந்த கை. பட்டுச் சீலைக்குப் பக்கத்தில் இந்தக் கோலத்தில் போய் நிற்பதா என்று ஏஞ்சலாவுக்கு ஒரு நொடி வெட்கமாக இருந்தது. சித்தி புன்சிரிப்போடு விலகி, தானே முன்வந்து அவள் படங்கின் முடிச்சை அவிழ்த்துக் கையில் வாங்கிக்கொண்டாள்.

கிளைவ் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ரெண்டு எட்டு எதிரே வந்தான். ஆறு வயதில் அழுத அதே அழுகை அவன் முகத்தில் இருந்தது.

“இந்தாக்கா” என்றான். “ஒம் மக.”

ஏஞ்சலா வாங்கிக்கொண்டாள். பாதர் பிள்ளையின் தலையில் தண்ணீரை ஊற்றியதும் அது கோயில் கூரை அதிர வீறிட்டது. “அழாத சாமி, அம்மா வந்துட்டேன்ல” என்று சொல்லிச் சொல்லி அவள்தான் அழுதுகொண்டிருந்தாள்.