முனீஸ்வரியிடம் கொடுத்த போன்

அக்கா, மாமா என்னைத் திட்டிவிட்டுப் போனதாக மலைக்கு வருகிற ஜீப்பில் பேசிக்கொண்டார்களாம். அதைக் கேட்டு அம்மா அழுததாகச் சொன்னாய். நடந்தது அப்படி இல்லை. நான் குரலாக அனுப்பினால் நம் எஸ்டேட் லயத்தில் சுவர் ஒட்டிய நாலு வீட்டுக்குக் கேட்கும். அதனால் நான் பேசப் பேசப் போனே எழுதிக்கொள்ளும்படி வைத்திருக்கிறேன். பிழை இருந்தால் நீயே சரியாக்கிப் படித்துக்கொள். படித்ததும் அழித்துவிடு.

எங்கள் ஆபீஸ் உரக்கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. மகாராஜன் சார் வரிக்கணக்கு பார்ப்பவர். போடியில் சின்னக் கடை வைத்திருப்பவர்கள், மலையில் ஏலக்காய் வாங்கி இங்கே கொண்டுவந்து விற்பவர்கள், இவர்களுடைய ஜிஎஸ்டி கணக்கை மாதாமாதம் கம்ப்யூட்டரில் ஏற்றுவது எங்கள் சோலி. எங்கள் என்றால் நானும் முனீஸ்வரியும். அவள் பக்கத்துச் சிலமலைக்காரி. காலையில் பஸ்சில் வந்து சாயங்காலம் அம்மா கையால் சாப்பிடப் போய்விடுவாள். எனக்கு வாடகை அறையும் பார்சல் புரோட்டாவும்.

ஜிஎஸ்டி போர்ட்டலில் எதைச் செய்தாலும் கணக்கு யாருடையதோ அவருடைய போனுக்கு ஓடிபி வரும். மலையில் இருப்பவர்களுக்கு டவர் கிடைக்காது. அதனால் ஆளுக்கொரு பட்டன் போன் வாங்கி, முதுகில் பேரெழுதி ஒட்டி, எங்களிடமே விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். எல்லாப் போனும் ஒரு எவர்சில்வர் தாம்பாளத்தில் கிடக்கும். நான் கம்ப்யூட்டரில் தட்டுவேன், தாம்பாளத்தில் ஒரு போன் கத்தும், முனீஸ்வரி அதை எடுத்து நம்பரைக் கூவுவாள், நான் அடிப்பேன். நாள் முழுக்க இதேதான். சந்தையில் தக்காளி விலை கூவுகிற மாதிரி எங்கள் மாடியில் ஓடிபி கூவுவோம்.

போனை வாங்குவது அவள், கம்ப்யூட்டரைத் தட்டுவது நான் என்று யாரும் பிரித்துக் கொடுக்கவில்லை. வருகிறவர்கள் எல்லாரும் நேராக அவளிடம் போய் நின்றார்கள், அவ்வளவுதான். நம் மலைக்காரர்கள்கூட என்னைத் தாண்டித்தான் போவார்கள். நான் பக்கத்து எஸ்டேட்டுக்காரி என்று தெரியும். இருந்தாலும் பலாச்சுளை கொண்டுவந்தால் முதல் பொட்டலம் அவளுக்கு. சார் அவளை "முனி" என்பார், என்னை "ஏம்மா" என்பார். நான் வாய் தவறி "எந்தா" என்று ஒரு மலையாளச் சொல்லை விட்டால் அன்று முழுக்க அவள், "எந்தா தேவி, சாயா குடிக்கலையா?" என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்பு அழகாக இருக்கும். அதுவும் எனக்குப் பிடிக்காது.

இதையெல்லாம் நான் தாங்கிக்கொண்டேன். ஆனால் நம் பாண்டியராஜ் மாமா, அம்மாவுடன் பிறந்த தம்பி, ஏலக்காய் வியாபாரத்துக்கு ஜிஎஸ்டி பதிவு எடுத்ததும் புதுப் போனோடு மாடிப்படி ஏறி வந்தார் பார், அன்று நான் எழுந்தே நின்றுவிட்டேன். கையைக்கூட நீட்டினேன். மாமா என் தலையில் ஒரு தட்டு தட்டிவிட்டு, "நல்லாருக்கியா புள்ள?" என்று கேட்டபடியே போய் முனீஸ்வரி மேசையில் போனை வைத்தார்.

"நீ வச்சுக்க ஆத்தா. ஒன்ன நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்."

நீட்டிய கையால் மின்விசிறி சுவிட்சைப் போட்டேன். அது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது, நின்றுபோனது.

அதற்கப்புறம் தாம்பாளத்தில் அந்த ஒரு போன்தான் என் கண்ணில் படும். அவள் அதைத் துடைத்தால் எரியும், துடைக்காவிட்டாலும் எரியும். "அது என் மாமா போன், நான்தான் வச்சுக்கணும்" என்று ஒரு நாள் கேட்டும் பார்த்தேன். "வச்சுக்க, ஆனா அண்ணே கேட்டா நீயே பதில் சொல்லு" என்றாள். என்னால் எடுக்க முடியவில்லை.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். மறுநாள் ஏலக்காய் ஏலம். மாமா லோடு இறக்கப் போடிக்கு வந்திருந்தார். சார் தேனிக்குப் போயிருந்தார். நான் ஒரு அரிசிக்கடை கணக்கில் இருந்தேன். மாமாவின் போன் அடித்தது. முனீஸ்வரி எடுத்தாள். ரோட்டுச் சத்தத்தில் கேட்கவில்லை என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

"பாண்டியராஜ் ட்ரேடர்ஸா? வரி ஆபீஸ்ல இருந்து பேசுறேன்" என்றான் ஒருவன். நல்ல கனமான குரல். மாமாவின் ஜிஎஸ்டி நம்பரைச் சொன்னான். போடியில் அவர் வாடகைக்கு எடுத்திருக்கும் அறையின் விலாசத்தைச் சொன்னான். "எடத்த வந்து பாத்தோம், பூட்டிக் கெடக்கு. பதிவ இன்னைக்கே கேன்சல் பண்ணச் சொல்லி உத்தரவு."

"சார், சார், அவரு மலைக்குப் போறவரு சார். அதான் பூட்டிருக்கும்" என்று முனீஸ்வரி எழுந்து நின்றே பேசினாள்.

"பொம்பளப்புள்ளயா இருக்கியேன்னு சொல்றேன்மா. நிப்பாட்டி வைக்கிறேன். இப்ப ஒரு ஓடிபி வரும், அதச் சொல்லு. வேற யார்கிட்டயும் இதப் பேசாத."

போன் ஒருமுறை கத்தியது. அவள் திரையைப் பார்த்தாள். எனக்குக் கூவுகிற அதே ராகத்தில் ஆரம்பித்தாள்.

"ஆறு... ரெண்டு..."

நான் என் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். அரிசிக்கடை. மாமா கணக்குக்கு நான் எதையும் தட்டவில்லை. நான் தட்டாமல் தாம்பாளத்தில் எந்தப் போனும் கத்தியது கிடையாது. அப்படியானால் இதைத் தட்டியவன் வேறு எவனோ. எனக்குப் புரிந்துவிட்டது.

அக்கா, அப்போது எனக்குப் பயம் வரவில்லை. நெஞ்சுக்குள் இனிப்பாக ஏதோ இறங்கியது. சொல்லட்டும், முழுசாகச் சொல்லட்டும். நாளை சார் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாரா பார்ப்போம். மாமா யாரை ஆத்தா என்பார் பார்ப்போம்.

"ஒம்போது..." என்றாள்.

அந்தப் போனின் முதுகு என் பக்கம் திரும்பி இருந்தது. அதில் மாமா பெயர். அவள் பெயர் இல்லை. போவது அவர் வியாபாரம் என்பது அப்போதுதான் உறைத்தது. பாய்ந்து போய் அவள் கையிலிருந்து பிடுங்கிச் சிவப்புப் பட்டனை அமுக்கினேன்.

"கிறுக்குப் புடிச்சிருச்சாடி ஒனக்கு? ஆபீசர் லைன்ல இருக்காரு!"

"ஆபீசரும் இல்ல, ஒருத்தனும் இல்ல. ஏமாத்துறான். நம்பரச் சொல்லாத."

"ஒனக்கு எப்படித் தெரியும்? போன் ஒங்கையில இல்லைங்கிற எரிச்சல்தான் ஒனக்கு. எனக்குத் தெரியாதா? மொதநாள்ல இருந்தே பாக்குறேன்."

மாமா மாடியேறி வந்ததை நாங்கள் கவனிக்கவில்லை. தலையெல்லாம் சாக்குத் தூசி. "என்ன சத்தம்? கீழ உரக்கடை வரைக்கும் கேக்குது" என்றார். முனீஸ்வரி நடந்ததைச் சொன்னாள். பதிவை கேன்சல் பண்ணப் போகிறார்கள், அவள் பேசி நிறுத்த இருந்தாள், நான் லைனை வெட்டிவிட்டேன். அழுதுகொண்டே சொன்னதால் எல்லாம் உண்மை போலவே இருந்தது. அவளைப் பொறுத்தவரை அது உண்மைதான்.

"மாமா, அது திருட்டு போனு. நான் கேக்காம ஓடிபி வந்துருக்கு..."

"நீ பேசாத" என்றார் மாமா. "ஒனக்கு என்ன புள்ள அம்புட்டுப் பொகைச்சலு? அது கையில போன் இருந்தா ஒனக்கு என்ன கொறஞ்சுபோச்சு? நாளைக்கு லோடு ஏலத்துல நிக்குது. எவ்வளவு பேரு காய வாங்கியாந்து வச்சுருக்கேன் தெரியுமா?"

எனக்குப் பொறாமை என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அதனால் நான் என்ன சொன்னாலும் அது பொறாமையாகவே கேட்டது.

போன் மறுபடி அடித்தது. இந்தத் தடவை மாமாவே எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"லைன கட் பண்றீங்களா? பத்து நிமிசம் டைம். ஓடிபி சொல்லலைன்னா பதிவு போச்சு. ஏலத்துல ஒரு மூட்டை விக்க முடியாது. ஆள் அனுப்பி அரெஸ்ட் பண்ணுவோம்."

"அய்யா, சாமி, அது சின்னப்புள்ள தெரியாம பண்ணிருச்சுங்க. இந்தா சொல்லச் சொல்றேங்க." மாமா ஒருவரிடம் இப்படிக் கெஞ்சியதை நான் அன்றுதான் பார்த்தேன். கொண்டை ஊசி வளைவில் ஒரு கையால் ஜீப்பை ஒடித்துத் திருப்புகிறவர். போன் கத்தியது. "படி ஆத்தா, வெரசாப் படி" என்று கையில் பிடித்தபடியே திரையை அவள் பக்கம் திருப்பினார்.

பிடுங்கினால் இனி அடிப்பார். மாமா காதில் நான் சொல்வது எதுவும் ஏறாது. அவளிடம்தான் பேச வேண்டும் என்று தோன்றியது. அவளிடம் எதையும் கேட்டுப் பழக்கமில்லை எனக்கு.

"முனி" என்றேன். அப்படி நான் கூப்பிட்டதே இல்லை. "நம்பரச் சொல்லிக்க, நான் தடுக்கல. ஆனா அந்த மெசேஜ மொத எழுத்துல இருந்து படி. ஒரே ஒரு தடவ. எனக்குக் கேக்குற மாதிரி."

"படிக்கிறேன், நல்லாக் கேட்டுக்க" என்று என்னை முறைத்துக்கொண்டே ஆரம்பித்தாள். இங்கிலீஷ் மெசேஜ். தினமும் அதைத்தான் கையில் எடுக்கிறோம், நம்பரைத் தவிர ஒரு சொல்லையும் நாங்கள் படித்ததில்லை. அவள் குரல் பாதியில் இறங்கியது. உதடு மட்டும் அசைந்தது.

"பாஸ்வேர்டு மாத்துறதுக்கான ஓடிபின்னு போட்டுருக்கு" என்றாள் மெதுவாக. "யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னும் போட்டுருக்கு." பிறகு மாமாவைப் பார்த்தாள். "அண்ணே, போன வைங்க."

மாமா உடனே வைத்துவிட்டார். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் தொண்டை கிழியக் கத்தியும் நகராதவர், அவள் மூன்று சொல் சொன்னதும் வைத்தார். அதைப் பார்த்தபோது அவர் தப்பித்ததில் வந்த சந்தோஷத்தில் பாதி போய்விட்டது எனக்கு.

அப்புறம் வேலை வேகமாக நடந்தது. நான் மாமா கணக்கைத் திறந்தேன். நிஜமான நோட்டீஸ் இருந்தால் அதற்குள் வந்து கிடக்கும். ஒன்றும் இல்லை. பாஸ்வேர்டை மாற்றினோம். முனீஸ்வரி சைபர் மோசடிப் புகார் எண் 1930க்குப் போன் போட்டு அவன் நம்பரைக் கொடுத்தாள். நான் மாமாவுக்கு விளக்கினேன்.

"அவன் உள்ள போயிருந்தா ஒங்க பேருல பொய் பில்லாப் போட்டுத் தள்ளிருப்பான் மாமா. காயும் இல்ல, லோடும் இல்ல, வெறும் பில்லு. அப்புறம் நெசமான ஆபீசர் வரி கேட்டு ஒங்க வீட்டுக்குத்தான் வருவாரு."

மாமா நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் துடைத்தார். "ஆத்தா, நீ மட்டும் படிச்சுச் சொல்லலைன்னா எஞ்சோலி முடிஞ்சிருக்கும்" என்றார். என்னிடம் இல்லை, அவளிடம்.

"நான் இல்லண்ணே, தேவிதான். நான் பாதி நம்பரச் சொல்லிட்டேன்" என்றாள் முனீஸ்வரி.

"அது கெடக்கு சின்னப்புள்ள. நீ தங்கமான புள்ள, அதான் விட்டுக்குடுத்துப் பேசுற."

பார்த்தாயா அக்கா? அவள் உண்மையைச் சொன்னாள், அதற்கும் புகழ்ச்சி அவளுக்கே போனது. இனி அவளை வெறுக்கக்கூட எனக்கு ஒரு காரணம் மிச்சமில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

அடக்க முடியாமல் கேட்டுவிட்டேன். "மாமா, நான் ஒங்க அக்கா மக. எங்கிட்ட ஏன் போனக் குடுக்கல?"

மாமா என்னைப் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தார். "அக்கா மகங்கிறதுனாலதான் குடுக்கல. ஒங்கிட்டக் குடுத்தா எனக்கு என்ன வருது, என்ன போகுதுன்னு அன்னைக்கே லயத்துக்குத் தெரியும். ஒங்கம்மா காசு கேட்டு எங்கிட்ட வந்து ஒக்காந்துக்கும். இந்தப் புள்ளைக்கு நம்ம வீட்டுல யாரையும் தெரியாது."

முனீஸ்வரி சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இதோ இப்போதும் உனக்குத்தானே எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நான் எழுந்து போய் அந்தப் போனை எடுத்து மாமா கையில் வைத்தேன். "எங்கிட்டயும் வேணாம், அவகிட்டயும் வேணாம். நீங்களே கொண்டுபோங்க."

"டவர் இல்லையே புள்ள."

"போடிமெட்டுல கெடைக்கும்ல? கணக்கு ஏத்துற அன்னைக்கு அங்கன ஜீப்ப நிப்பாட்டி நில்லுங்க. நாங்க கூப்புடுவோம். யாரு கேக்குறது, எதுக்குக் கேக்குறதுன்னு கேளுங்க. மெசேஜ்ல என்ன போட்டுருக்குன்னு யாரையாச்சும் படிக்கச் சொல்லுங்க. ரெண்டும் சரியா இருந்தாத்தான் நம்பர். நானே கேட்டாலும் அப்படித்தான்."

சொன்னது சரியான யோசனை. சார் வந்ததும் அவரும் அப்படியே சொன்னார். தாம்பாளத்தில் இருக்கும் எல்லாப் போனையும் அவரவரிடம் திருப்பிக் கொடுக்கப் போகிறோம். ஆனால் நான் அதைச் சொன்னபோது ஆபீசை நினைத்துச் சொல்லவில்லை. அவள் மேசையில் அந்தப் போன் இனிமேல் இருக்காது, அவ்வளவுதான் நினைத்தேன்.

நேற்று மாமா கணக்கை ஏற்றுகிற நாள். மெட்டில் நின்று அவரே கூப்பிட்டார். காற்றில் குரல் பிய்ந்து பிய்ந்து வந்தது. நான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

"யாரு பேசுறது?"

"தேவி, மாமா."

"எந்த தேவி?"

"ஒங்க அக்கா பெரியம்மாள் மக தேவி."

"எதுக்கு நம்பரு?"

"இந்த மாசக் கணக்கு ஏத்துறதுக்கு. மெசேஜ்லயும் அப்படித்தான் போட்டுருக்கும், படிக்கச் சொல்லுங்க."

பக்கத்தில் யாரிடமோ படிக்கச் சொல்லிக் கேட்டார். நான் சொல்லிக்கொடுத்ததை அப்படியே செய்கிறார். திருடியை விசாரிப்பது போல என்னை விசாரிக்கிறார். எனக்கு ஒரு பக்கம் பெருமையாகவும் ஒரு பக்கம் அழுகையாகவும் இருந்தது.

"எல்லாஞ் சரி" என்றார். "முனீஸ்வரி இருக்கா? அதுகிட்டக் குடு, சொல்றேன்."

எதிர் மேசையில் முனீஸ்வரி டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தாள். ஸ்பீக்கரில் எல்லாம் கேட்டுவிட்டாள். கையை நீட்டவில்லை. என்ன சொல்லப் போகிறேன் என்று பார்த்தபடி இருந்தாள்.

"அவ இன்னைக்கு லீவு மாமா" என்றேன். "நான் மட்டுந்தான் இருக்கேன். எங்கிட்டயே சொல்லுங்க."