பஸ் ஏறிய சக்கரங்கள்

பைக்கின் இரண்டு சக்கரங்களையும் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்த பிறகுதான், அவற்றை டயர் கடைக்குக் கொண்டுபோக வீட்டில் வேறு வண்டி இல்லை என்பது தேவேந்திரனுக்கு உறைத்தது. மகாலட்சுமிக்கு அது காலையிலேயே உறைத்துவிட்டது. ஆனால் அவள் சொல்லவில்லை. வேலையில் இறங்கும்போதே, நடுவில் யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று அவன் கட்டளை போட்டிருந்தான். வீட்டில் அவளைத் தவிர யாரும் இல்லாததால் அந்த 'யாரும்' யார் என்று அவளுக்குத் தெரியும். சொன்னதற்குக் கட்டுப்பட்டு, காய் நறுக்கிக்கொண்டு வேடிக்கை பார்த்தாள்.

தேவேந்திரன் செஞ்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் சமூக அறிவியல் வாத்தியார். மகாலட்சுமி அதே ஊரில் ரத்தப் பரிசோதனை செய்யும் ஒரு லேபில் வேலை பார்த்தாள். சிங்கவரத்திலிருந்து இருவரும் தினமும் அந்த ஒரே பைக்கில்தான் போய் வந்தார்கள். டயர் இரண்டும் தேய்ந்து மொழுக்கென்று ஆகிவிட்டிருந்தன. போன வாரம் மழை ஈரத்தில் பின்சக்கரம் ஒரு இழுப்பு இழுத்தது. விழவில்லை, ஆனால் மகாலட்சுமி, டயரை மாற்றாமல் இனி வண்டியில் ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

மாற்றுவதென்றால் கடையில் கொண்டுபோய் விட்டால் முடிந்தது. ஆனால் முன்பு ஒருமுறை வேறொரு கடையில் பஞ்சர் ஒட்டியபோது அந்தக் கடைக்காரர் சக்கரத்தைச் சிமெண்டுத் தரையில் தொப்பென்று போட்டு, ரிம்மில் ஒரு கீறல் விழுந்துவிட்டது. அந்தக் கீறலைத் தேவேந்திரன் மறக்கவே இல்லை. அன்றிலிருந்து போனில் சக்கரம் கழற்றும் வீடியோக்களாகப் பார்த்தான். இந்திக்காரர் கழற்றினார், ஒரு வெள்ளைக்காரர் கழற்றினார், கேரளத்தில் ஒரு அம்மா கழற்றினார். எல்லோரும் சிரித்துக்கொண்டே கழற்றினார்கள். தானும் கழற்றலாம் என்று முடிவு கட்டி ஒரு ஸ்பேனர் செட் வாங்கி வந்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய புடவையை விரித்து ஸ்பேனர்களை உயரவாரியாக அடுக்கினான். வண்டியை டபுள் ஸ்டாண்டு போட்டு, எஞ்சினுக்கு அடியில் கட்டையும் செங்கல்லும் முட்டுக் கொடுத்தான். ஒவ்வொரு நட்டைக் கழற்றுவதற்கு முன்னும் அது இருந்த இடத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டான். பின்சக்கரம் வர அரைப் பொழுது ஆனது. வந்த சந்தோஷத்தில், முன்சக்கரத்தையும் இப்போதே எடுத்துவிடலாம் என்று எடுத்துவிட்டான். வண்டி செங்கல்மேல் உட்கார்ந்த பிள்ளையார் மாதிரி இருந்தது.

அதன்பிறகுதான் துடைத்த கையோடு சாவியைத் தேடப் போனான். பாதி வழியில் நின்றான்.

"இன்னா மாமா, சாவி ஆணியில தான இருக்குது" என்றாள் மகாலட்சுமி.

அவன் சக்கரங்களைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். எப்போது தெரியும் என்று கேட்டான். இட்லி ஊற்றும்போதே தெரியும் என்று அவள் ஒப்புக்கொண்டாள்.

ஆட்டோவுக்குப் போன் செய்தால் எடுப்பாரில்லை. முகூர்த்த நாள். கடைசியில் இருவரும் ஆளுக்கொரு சக்கரத்தை எடுத்துக்கொண்டு டவுன் பஸ்ஸுக்கு நடந்தார்கள். பின்சக்கரம் கனம் என்று அதை அவன் தூக்கிக்கொண்டான். வழியில் பார்த்தவர்கள் எல்லோரும் ஏதோ கேட்டார்கள். எல்லோருக்கும் தேவேந்திரன் நின்று விளக்கம் சொன்னான். பஸ் போய்விடும் என்று அவள்தான் அவனை இழுத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது.

பஸ்ஸில் கூட்டம் குறைவு. மகாலட்சுமி பெண்கள் பக்கம் உட்கார்ந்து சக்கரத்தை மடியில் வைத்துக்கொண்டாள். தேவேந்திரன் பின்னால் தன் சக்கரத்தைக் கால்களுக்கு நடுவில் நிறுத்திப் பிடித்துக்கொண்டான். கண்டக்டர் வந்தார். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பெண்களுக்கு இலவசம் என்பதால் அக்கா மடியில் இருப்பது லேடீஸ் சக்கரம், அதற்கு டிக்கெட் கிடையாது, சார் சக்கரத்துக்கு மட்டும் லக்கேஜ் போட்டுவிடுகிறேன் என்றார். பஸ் மொத்தமும் சிரித்தது. தேவேந்திரன் மட்டும் சிரிக்காமல், மிகுந்த கௌரவத்தோடு சில்லறை எடுத்துக் கொடுத்தான்.

மகாலட்சுமிக்குப் பக்கத்தில் வேர்க்கடலைக் கூடையோடு உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு அது போதவில்லை. "மிச்ச வண்டி எங்கம்மா?" என்று கேட்டாள்.

"இது முன்னாடி போவுதுக்கா. மிச்சம் பின்னாடி வரும்" என்றாள் மகாலட்சுமி.

டயர் கடைக்காரர் அரங்கநாதனும் வண்டி எங்கே என்றுதான் முதலில் கேட்டார். அப்படியே ஓட்டிக்கொண்டு வந்திருந்தால் டீ குடிக்கிற நேரத்தில் கழற்றி மாற்றிக் கொடுத்திருப்பேனே என்றார். தேவேந்திரன் கீறல் கதையை முழுவதும் சொன்னான். ரிம்மைத் திருப்பி அந்தக் கீறலையும் காட்டினான். அதைக் கண்டுபிடிக்கவே சிறிது நேரம் ஆனது. அரங்கநாதன் சிரிப்பார் என்று மகாலட்சுமி நினைத்தாள். அவர் சிரிக்கவில்லை. உள்ளே போய் ஒரு சாக்கை எடுத்து வந்து நான்காக மடித்துத் தரையில் போட்டு, அதன்மேல் சக்கரத்தைக் குழந்தையைப் படுக்கவைப்பதுபோல வைத்தார். தேவேந்திரன் முகத்தைப் பார்த்தபோது அவளுக்கே என்னமோ போலிருந்தது. திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் அவனைக் கேலி செய்யாமலே வந்தாள்.

அந்த நல்ல புத்தி வீட்டு வாசல்வரைதான் நிலைத்தது.

முன்சக்கரம் சொன்னபடி கேட்டது. பின்சக்கரம்தான் படுத்தியது. சக்கரத்தைத் தூக்கிப் பிடித்தால் நடுத்தண்டான ஆக்சிலை நுழைக்கக் கை இல்லை, ஆக்சிலைப் பிடித்தால் சக்கரம் இறங்கிவிடுகிறது. பேசக் கூடாது என்ற கட்டளையை அவன் தானாகவே எடுத்துவிட்டு அவளைக் கூப்பிட்டான். அவள் எதிரே உட்கார்ந்து, பாதத்தை டயருக்கடியில் கொடுத்து மெல்லத் தூக்கினாள். மேலே என்றான், கீழே என்றான், அவ்வளவு மேலே இல்லை என்றான். ஆக்சில் உள்ளே போனது. நட்டை முறுக்கினான். புடவையை மடிக்கப் போனான்.

புடவையின் மடிப்பில் விரல் தடிமனில் ஒரு இரும்பு வளையம் கிடந்தது.

அவன் அதை எடுத்து, அவளைப் பார்க்காமலே லுங்கி மடிப்பில் செருகிக்கொண்டான்.

"இடுப்புல இன்னா மாமா?"

"சாவி."

"சாவி உருண்டையா இருக்குமா?"

அவன் வெளியே எடுத்துவிட்டான். ஒருவேளை கம்பெனியில் கூடுதலாக ஒன்று போட்டிருப்பார்கள் என்றான். அவள் பின்சக்கரத்தைச் சுற்றிவிட்டாள். அது ஒரு பக்கமாக உரசி, இரண்டு சுற்றுகூடப் போகாமல் நின்றது. எடுத்து வைத்திருந்த படங்களைப் பார்க்கலாம் என்று அவன் போனைத் திறந்தான். முதல் படத்தில் அவன் கட்டைவிரல் இருந்தது. அடுத்ததில் லுங்கி. அதற்கடுத்ததில் கட்டைவிரலும் லுங்கியும். மகாலட்சுமி சுவரைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

அந்த நேரம் பார்த்து அவள் போன் அடித்தது. அவள் அண்ணன் பீமாராவ். தளவானூரில் லாரி மெக்கானிக். சொந்தக்காரர்கள் கூடும் இடத்திலெல்லாம் தேவேந்திரனை வம்புக்கு இழுப்பது அவனுக்குப் பொழுதுபோக்கு. கல்யாணத்துக்குப் புதிதில் தேவேந்திரன் பெட்ரோல் தீர்ந்த வண்டியை ரிப்பேர் என்று தள்ளிக்கொண்டு வந்ததை அவன் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தான். இப்போது பஸ்ஸில் பார்த்த யாரோ விஷயத்தை அவன் காதில் போட்டிருந்தார்கள். வாத்தியார் சக்கரத்தைக் கழற்றினாராமே, நான் வந்து மாட்டிக் கொடுக்கட்டுமா என்று கேட்டான். சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டது இவளுக்குத் தெரிந்தது.

தேவேந்திரன் எல்லாவற்றையும் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டு நின்றான். முகத்தில் ஒரு பக்கம் முழுக்க கிரீஸ். வேண்டாம் என்று கை காட்டவில்லை, கெஞ்சவும் இல்லை. வளையத்தை விரலால் உருட்டிக்கொண்டிருந்தான். காலையிலிருந்து அவனை ஓட்டிக்கொண்டிருந்தவள் அவள்தான். ஆனால் அதையே அண்ணன் செய்ய வரும்போது அவளுக்குப் பிடிக்கவில்லை.

"கழட்னாரு, அவரே மாட்டிட்டாரு. வண்டி ஜம்முனு நிக்குது. நீ ஒண்ணும் வர வேணாம்ணா" என்றாள். சோறு ஆறுகிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

அவன் அவளையே பார்த்தான். ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டான்.

"சொல்லிட்டேன். இப்ப என் மானமும் சேர்ந்து போவும். ஒக்காரு" என்றாள்.

சோறு உண்மையாகவே ஆறியது. இருவரும் மறுபடி நட்டைத் தளர்த்தி, ஆக்சிலை உருவி, சக்கரத்தை இறக்கினார்கள். வளையத்தை இந்தப் பக்கம் வைத்துப் பார்த்தார்கள், அந்தப் பக்கம் வைத்துப் பார்த்தார்கள். அழுக்கும் எண்ணெயும் படிந்த இடத்தில் எல்லாமே ஒரே மாதிரி இருந்தது. கண்டுபிடித்தது தேவேந்திரன்தான். தரையோடு தரையாகப் படுத்து, டார்ச் அடித்துப் பார்த்தவன், பிரேக் பக்கத்தில் சக்கரத்தைத் தாங்கும் கம்பியின் உட்புறத்தில் அழுக்கே படியாமல் வட்டமாக ஓர் இடம் பளிச்சென்று இருந்ததைக் காட்டினான். வளையத்தை அதன்மேல் வைத்தான். அச்சாகப் பொருந்தியது. மகாலட்சுமிக்குச் சந்தோஷம்தான். கூடவே, தான் முதலில் பார்த்திருக்கக் கூடாதா என்று ஒரு சின்ன ஆதங்கமும் வந்தது. அது வந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

இந்தத் தடவை ஆக்சில் ஒரே மூச்சில் போனது. நட்டை முறுக்கிவிட்டுச் சக்கரத்தைச் சுற்றினான். அது சத்தமில்லாமல் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. இருவரும் அது நிற்கிறவரை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வெயில் தாழ்ந்ததும், ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று கிளம்பினார்கள். செஞ்சியில் பரோட்டா சாப்பிடுவதென்று பேச்சு. மகாலட்சுமி ஏறி உட்கார்ந்தாள். வழக்கமாகப் பின்கம்பியைப் பிடித்துக்கொள்கிறவள், இன்று அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். பயமா என்று கேட்டான். ஆமாம் என்றாள். அது உண்மை இல்லை.

தேவேந்திரன் சாமி ஊர்வலம் மாதிரி ஓட்டினான். ஏதாவது சத்தம் கேட்கிறதா என்று தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே போனான். புல்லுக்கட்டோடு சைக்கிளில் வந்த ஒருவர் மணி அடித்து அவர்களைத் தாண்டிக்கொண்டு போனார்.

மகாலட்சுமி கொஞ்சம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு அவன் காதருகே குனிந்து, "நல்லாத்தான் மாட்டிருக்கிற மாமா. இனிமே அதைக் கொஞ்சம் சுத்தவும் விடு" என்றாள்.

அவன் தோள் குலுங்கியது. காலையிலிருந்து அவன் சிரித்தது அப்போதுதான்.